கண்ணாடி மாடமும் நிழற்படமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கீழ்க்கரையிலே பாஸ்டன் என்னும் பழைய நகரம் ஒன்றுண்டு. அந்நகரின் காப்லி சதுக்கத்திற்குக் கீழ்பால், கருங்கல்லும் செம்பழுப்புக் கல்லும் விரவக் கட்டப்பெற்ற திரித்துவ ஆலயம் நிற்கின்றது. ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன் என்னும் கட்டடச் சிற்பி வகுத்த அவ்வாலயத்தின் வேலை 1872-ஆம் ஆண்டில் தொடங்கி, 1877-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பிரதிஷ்டையோடு நிறைவெய்திற்று. அந்நாளில் அதன் குருவாயிருந்தவர் பிலிப்ஸ் புரூக்ஸ். பெத்லகேம் என்னும் சிற்றூரை விளித்துப் பாடும் ஆங்கிலக் கிறிஸ்து பிறப்புப் பாட்டை இயற்றியவர் அவரே. ஆண்டுதோறும் டிசம்பர் மாதத்தில் அப்பாட்டைப் பாடும் நம்முள் எத்துணைப் பேர் அவருடைய ஆலயத்தை அறிவோம் என்பது ஐயமே.

அவ்வாலயத்திற்குத் தெற்கே, ஒரு தெருவே இடையிட, அறுபது நிலை மாடம் ஒன்று 790 அடி உயர்ந்து நிற்கின்றது. ஜான் ஹான்காக் மாடம் என்பது அதன் பழைய பெயர். 2015-ஆம் ஆண்டு முதல் 'கிளாரண்டன் தெரு 200' என்று தெருவிலக்கமே அதற்குப் பெயராயிற்று. அதனை வகுத்த ஹென்றி காப் என்பவர்க்கு ஓர் இடுக்கண் இருந்தது. பழம்பெரும் ஆலயத்தின் அருகே இத்துணைப் பெரிய கட்டடத்தை எழுப்பின், ஆலயம் அதன் காலடியிற் கிடக்கும் கூழாங்கல்போல் ஆகிவிடுமே என்பதுதான் அது. ஆகவே அவர் மாடத்தின் புறம் முழுவதும் நீலஞ்சார்ந்த ஆடிகளைப் பொருத்தி, அதனை வானத்தோடு வானமாகக் கரைத்துவிட முயன்றார். மாடம் கரைந்ததோ இல்லையோ, ஆலயம் இரண்டாயிற்று. ஒன்று கல்லால் ஆகியது. மற்றொன்று ஒளியால் ஆகியது. காப்லி சதுக்கத்திற்குப் படக்கருவியோடு செல்பவர் எவரும் இவ்விரண்டாம் ஆலயத்தைப் படம்பிடியாது மீள்வதரிது.

யான் பாஸ்டனைக் கண்டதில்லை, படங்களையே கண்டேன். கண்ட படங்கள் இருவகையின. ஒருவகைப் படத்தில் ஆடியிற் படிந்த ஆலயத்தோடு, ஆடிகளின் சட்டங்களும், மாடத்தின் விளிம்பும், அவ்விளிம்பிற்கு அப்பால் உண்மையான வானத்தின் ஒரு கீற்றும் காணப்படும். மற்றொரு வகையில் இவையனைத்தும் வெட்டி நீக்கப்பட்டிருக்கும். நெளிந்த கோபுரமும் உடைந்த கூரையும் மட்டுமே படத்தை நிரப்பி நிற்கும். சிலர் இக்காலக் கணிப்பொறியின் துணைகொண்டு சட்டங்களின் கோடுகளையும் அழித்துவிடுகின்றனர். இரண்டாம் வகைப் படங்களையே உலகம் மிகுதியும் பாராட்டுகின்றது. அப்பாராட்டு தகாதது என்பதும், கண்ணாடி தன்னைக் கண்ணாடியென்று காட்டிக்கொள்ளும் படமே மேலானது என்பதும் என் கருத்து. இஃது ஒரு மாணாக்கரின் பிடிவாதம் என்று நண்பர்கள் நகைக்கலாம். காரணங்களைக் கேட்டபின் நகைப்பார்களாக.

முதற்கண் படிமத்தின் இயல்பை நோக்குவோம். தட்டையான ஆடியில் தோன்றும் பொருள் ஆடியின்மேல் இருப்பதன்று. பொருள் ஆடிக்கு முன்னே எத்துணைத் தொலைவில் உள்ளதோ அத்துணைத் தொலைவு ஆடிக்குப் பின்னே இருப்பதாகத் தோன்றும். ஆதலின் படம் எடுப்பவர் தம் கருவியின் வில்லையைக் கண்ணாடியின் தொலைவிற்கு அமைப்பாராயின் சட்டங்கள் தெளிவாகவும் ஆலயம் மங்கலாகவும் விழும். படிமத்தின் தொலைவிற்கு அமைப்பாராயின் ஆலயம் தெளியும், சட்டங்கள் மங்கும். வில்லையின் துளையைச் சுருக்கினால் இரண்டையும் ஒருவாறு தெளிவாக்கலாம்; அதற்கு ஒளியும் வேண்டும், பொறுமையும் வேண்டும். இங்ஙனம் கருவியைத் திருகும்போதே படம் எடுப்பவர் ஒரு வினாவிற்கு விடை சொல்லிவிடுகின்றார்: 'யான் காட்டப்போவது பொருளையா, பொருளைக் காட்டும் கண்ணாடியையா, இரண்டையுமா?'

இனி, பொழுதும் இடமும். எதிரொளி நன்கு விளங்குதற்கு எதிர்ப்பொருளில் வெயில் வேண்டும். கண்ணாடி நிழலில் இருத்தல் வேண்டும். பாஸ்டன் ஆலயத்தின் தென்புறமே மாடத்தை நோக்கியது. வடகோளத்தில் வெயில் தெற்கிலிருந்து வீழ்வதால், மாடத்தின் நிழல் விலகியிருக்கும் வேளைகளில் ஆலயத்தின் அப்புறம் ஒளிபெற, மாடத்தின் வடபுறம் நிழலிலேயே நிற்கும். இயற்கை இவ்வளவு உதவியிருப்பதாற்றான் அங்குப் படம் எடுப்போர் பலர் வெற்றி பெறுகின்றனர். அவ்வெற்றியிற் பாதிக்குமேல் கதிரவனுக்கு உரியது!

ஆலயத்தின் படிமம் நேராக நில்லாமல் நெளிவது ஏன் என்று சிலர் வினவுவர். பெரிய மாடங்களுக்குரிய கண்ணாடியைக் கடினமாக்கும்பொருட்டுக் கடுவெப்பத்தில் இளக்கி உடனே குளிர்விப்பர். இளகிய நிலையில் உருளைகளின்மேற் செல்லுங்கால் அதில் மெல்லிய அலைகள் பதிந்துவிடும். இரட்டைக் கண்ணாடிகளாயின், இடையே அடைபட்ட காற்று வெப்பத்தாலும் குளிராலும் விரிந்தும் சுருங்கியும், கண்ணாடியை ஒருநாள் வெளியே புடைக்கவும் ஒருநாள் உள்ளே குழியவும் செய்யும். குழிந்த கண்ணாடிகள் எதிர்ச்சுவரில் ஒளியைக் குவித்துச் சிலுவை வடிவினவும் வட்ட வடிவினவுமான ஒளித்திட்டுக்களை வீழ்த்துவதும் உண்டு. சிலுவை வடிவைக் கண்டு அற்புதம் என்று எண்ணற்க. அது காற்றழுத்தத்தின் வேலை. ஒவ்வொரு நெளிவும் கண்ணாடி எங்ஙனம் பிறந்தது, அன்று தட்பவெப்பம் எவ்வாறிருந்தது என்பவற்றைச் சொல்லும் எழுத்தாகும். சட்டத்தை வெட்டிவிட்டால் அவ்வெழுத்தைப் படிப்பதற்கு வழியில்லை. நெளிவு படம் எடுத்தவரின் கற்பனைபோல் நின்றுவிடும்.

பிளேட்டோ தம் 'குடியரசு' நூலின் பத்தாம் பகுதியில், ஓர் ஆடியைக் கையிற்கொண்டு எப்பக்கமும் திருப்புபவன் கதிரவனையும் வானத்தையும் நிலத்தையும் நொடியில் படைத்துவிடலாமே என்று ஓவியரை எள்ளுகின்றார். ஆடியிற் படிந்ததைப் படமெடுப்பவர் அவ்வெள்ளலுக்கு இருமடங்கு உரியவர் அல்லரோ? நிழலின் நிழலை எடுப்பவரன்றோ? இதனை யான் ஒப்புவதற்கில்லை. நூறு கண்ணாடிகளில் நூறு துண்டாகச் சிதறி, ஒவ்வொரு துண்டும் வெவ்வேறாக வளைந்து, காண்பவர் ஓரடி பெயர்ந்தால் தானும் பெயரும் அவ்வாலயம், கல்லாலயத்தின் படி அன்று. அவ்விடத்தில், அவ்வேளையில், அங்கு நின்ற ஒருவருக்கே உண்டான காட்சி அது. ஆனால் இவ்விடையைச் சொல்லும் உரிமை கண்ணாடியை மறையாதவர்க்கே உண்டு. மறைத்தவர் பிளேட்டோவின் கையில் அகப்பட்டுக்கொள்வர்.

வானளாவும் மாடங்களைப் படம்பிடித்த பழையோர் இவ்வினாவைச் சந்திக்கவில்லை. ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் 1903-ஆம் ஆண்டில் நியூயார்க்கின் பிளாட்அயர்ன் மாடத்தைப் பனியினூடே எடுத்தபோது அது கல்லும் சுடுமண்ணும் போர்த்து நின்றது. பெரனிஸ் அபட் அம்மையார் 1932-ஆம் ஆண்டில் எம்பயர் ஸ்டேட் மாடத்தின் உயரத்திலிருந்து எடுத்த இரவுப் படம் உலகறிந்தது. வேலைநேரம் முடிந்து பணியாளர் விளக்கணைக்கும் முன்பே நகரம் இருட்டவேண்டும். அத்தகைய மாலைகள் ஆண்டின் குறும்பகல் நாட்களையடுத்துச் சிலவே கிட்டும். அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து பதினைந்து நிமிடம் கருவியைத் திறந்துவைத்தார் அவ்வம்மையார். அப்படத்தின் சாளரங்கள் தம் உள்ளொளியை வெளியே சொரிகின்றன. ஒவ்வொரு பொட்டு ஒளியின் பின்னும் ஒரு மேசையும் ஒரு மனிதரும் இருப்பதாக நம் மனம் எண்ணிக்கொள்ளுகின்றது.

கண்ணாடியே சுவராகிய காலம் பின்னரே வந்தது. மீஸ் வான் டெர் ரோ என்னும் ஜெர்மானியச் சிற்பி 1921-ஆம் ஆண்டிலேயே பெர்லின் நகருக்கு முழுக்கண்ணாடி மாடம் ஒன்றை வரைந்து, அதன் அழகு ஒளி நிழல்களில் இல்லை, எதிரொளிகளின் ஆட்டத்தில் உளது என்று கண்டார். ஆயினும் அது கட்டப்பெறவில்லை. நியூயார்க்கில் லீவர் மாளிகை 1952-இல் எழுந்தது. உருகிய ஈயத்தின்மேல் கண்ணாடியை மிதக்கவிடும் முறையை இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனத்தார் 1959-இல் வெளியிட்டனர். ஈயமென்றது வெள்ளீயம், காரீயமன்று. இம்முறையால் அகன்ற தட்டைக் கண்ணாடி மலிவாயிற்று. அதன்மேல் மெல்லிய உலோகப் பூச்சும் சேர, மாடம் ஆடியாயிற்று.

இவ்விடத்தில் தமிழ் பயில்வோர்க்கு மணிமேகலையின் உவவனம் நினைவிற்கு வாராமற் போகாது. அங்குள்ள பளிக்கறை மண்டபம் உள்ளிருப்போரின் குரலை வெளியே விடாது. உருவத்தை மட்டும் புறத்தே காட்டும். உதயகுமரனுக்கு அஞ்சி அதனுட் புகுந்த மணிமேகலை மறைந்தும் மறையாளாயினாள். இக்காலப் பளிக்கறையோ குரலையும் விடாது, உருவையும் விடாது. புறத்தைப் புறத்திற்கே திருப்பிக் காட்டும். திருவள்ளுவர் குறிப்பறிதல் அதிகாரத்தில் முகத்திற்கு உவமையாக்கிய பளிங்கு அடுத்த பொருளைத் தன்னுட் காட்டுவது. அப்பளிங்கிற்கும் நெஞ்சைக் காட்டும் கடமை இல்லை என்பதை மாடங்களைக் கண்டபின்னரே யான் உணர்ந்தேன். பாஸ்டன் மாடத்தினுள் பகலெல்லாம் பணிசெய்வோரை அதன் படங்களில் யாரேனும் கண்டதுண்டோ? ஆலயத்தையும் முகிலையுமே காண்கிறோம். அந்தியில், வெளியொளி தாழ்ந்து உள்விளக்கு ஏறும் சில நிமிடங்களில், இரண்டும் நிகராக நின்று, கோபுரத்தின்மேல் ஒருவர் அமர்ந்து எழுதுவதுபோல் தோன்றும். பொறுமையுள்ள படக்காரர் காத்திருக்க வேண்டிய வேளை அதுவே என்பேன்.

உலோகப் பூச்சில்லாத கண்ணாடியாயின் பகலிலும் ஒரு வழி உண்டு. கண்ணாடியின் நேர்குத்துக்கோட்டிற்கு ஏறத்தாழ 56 பாகை சாய்ந்து நோக்கி, முனைவாக்கும் வடிகட்டி ஒன்றை வில்லையின்முன் திருப்பினால் எதிரொளி மறைந்து உட்புறம் தெளியும். இக்கோணத்தின் விதியை 1815-இல் வகுத்தவர் டேவிட் புரூஸ்டர். ஸ்காட்லாந்துத் திருச்சபையில் பிரசங்கம் செய்ய உரிமை பெற்றுப் பின் ஒளிநூல் ஆராயச் சென்ற அவரே, 1843-இல் அச்சபை பிளவுண்டபோது குருமார் பலரின் உருவங்களைத் தீட்ட முயன்ற ஹில் என்னும் ஓவியரை, ஆடம்சன் என்னும் நிழற்படக்காரரோடு கூட்டிவைத்தவர். ஒளியை அகற்றும் வழி கண்டவரே ஒளியாற் படம் எடுப்போரையும் இணைத்துவைத்தார்.

இதுகாறும் கூறியவை கலை பற்றியன. கண்ணாடி தன்னை மறைப்பதால் உயிர்கள் மடிவது பற்றியும் கூறல் வேண்டும். ஆடியிற் படிந்த மரத்தை மரமென்றும் வானத்தை வானமென்றும் நம்பிப் பறந்துவந்து மோதும் பறவைகளின் தொகை சிறிதன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆண்டொன்றிற்கு 36.5 கோடி முதல் 98.8 கோடி வரை பறவைகள் கட்டடங்களில் மோதி இறக்கின்றன என்று 2014-இல் வெளிவந்த ஆய்வொன்று மதிப்பிட்டது. அவற்றுட் பெரும்பகுதி வீடுகளிலும் தாழ்ந்த கட்டடங்களிலும் நிகழ்வது. வானளாவிகளின் பங்கு நூற்றில் ஒன்றிற்கும் குறைவு. ஆயினும் கட்டடம் ஒன்றிற்கு இத்தனை என்று கணக்கிடின் உயர்ந்த மாடங்களே முன் நிற்கின்றன. சிகாகோ நகரில், மிச்சிகன் ஏரிக்கரையிலுள்ள மெக்கார்மிக் பிளேஸ் என்னும் கண்ணாடி மண்டபத்தின் அடியில், 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் காலையில் ஏறத்தாழ ஆயிரம் பறவைகள் இறந்து கிடந்தன. தென்திசைக்கு வலசை போன சிறு பாடும் பறவைகளே அவற்றுட் பல. அம்மண்டபம் வானளாவி அன்று. நீண்டு தாழ்ந்து கிடப்பது. இரவில் அதன் விளக்கொளி பறவைகளை ஈர்த்தது. கண்ணாடி அவற்றைக் கொன்றது.

பறவைக்குச் சட்டம் இன்னதென்று தெரியாது. சாளரத்தின் விளிம்பைக் கண்டு, 'இஃது ஆடி, அப்பால் வழியில்லை' என்று உய்த்துணரும் அறிவு மனிதர்க்கு உண்டு, அதற்கு இல்லை. படத்திலிருந்து சட்டத்தை நீக்குபவர் நம்மையும் அப்பறவையின் நிலையிலே நிறுத்துகின்றார். நமக்கு அதனால் இறப்பில்லை; மயக்கம் ஒன்றே. எனினும் அம்மயக்கத்தை அழகென்று ஒருவர் கொண்டாடும்போது, மண்டபத்தின் அடியில் கிடந்த ஆயிரம் உடல்களே என் கண்முன் தோன்றுகின்றன. இது மிகையென்று தோன்றலாம். யான் மாற்றிக்கொள்ள விரும்பவில்லை.

நியூயார்க் நகரவையார் 2019-ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு சட்டம் இயற்றினர். புதிய கட்டடங்களின் புறச்சுவர்கள், தரையிலிருந்து முதல் 75 அடி உயரத்திற்குப் பெரும்பாலும் பறவைகள் கண்டு விலகத்தக்க பொருளால் அமைதல் வேண்டும் என்பது அதன் கருத்து. 2021-ஆம் ஆண்டு ஜனவரி முதல் அது நடைமுறையில் உளது. சிகாகோ மண்டபத்தின் கண்ணாடிகளுக்கும் 2024-ஆம் ஆண்டில் சிறு புள்ளிகள் நிரையாகப் பதித்த மெல்லிய ஏடு ஒட்டப்பெற்றது. அதன்பின் சாவு பெரிதும் குறைந்தது. புள்ளி வைத்த கண்ணாடியில் ஏரியின் வானம் முன்போல் மாசற்றுத் தோன்றாதே, படம் கெடுமே என்று வருந்துவோர் வருந்துக. அப்புள்ளிகளோடு கூடிய வானத்தை எடுக்கும் முதல் நல்ல படத்திற்காக யான் காத்திருக்கின்றேன். அப்படத்தில் வானமும் இருக்கும், கண்ணாடியும் இருக்கும், ஒரு பறவை தப்பிச் சென்றதற்குக் காரணமும் இருக்கும்.

'கலைஞர் எதனையும் வெட்டலாம், எதனையும் கொள்ளலாம். நால்விளிம்பிட்டு எடுத்தலே வெட்டுதல் அன்றோ?' என்று கேட்பர். உண்மை. அபட் அம்மையாரும் நியூயார்க்கின் பெரும்பகுதியை விலக்கியே தம் படத்தை எடுத்தார். விலக்குதல் குற்றமன்று. விலக்கியபின் எஞ்சியது எதன்மேற் படிந்தது என்பதை மறைத்தலே குற்றம். நெளிந்த ஆலயத்தைத் தம் கற்பனையின் விளைவுபோலக் காட்டுபவர், கண்ணாடி வார்த்த தொழிலாளருக்கும் அதனைப் பொருத்தியவருக்கும் கதிரவனுக்கும் உரிய புகழைத் தாமே கவர்கின்றார். இதற்குமேல் அவர்களோடு வழக்காட எனக்கு விருப்பமில்லை.

பாஸ்டன் மாடத்தின் கண்ணாடிகள் தம்மை ஒருமுறை தாமே காட்டிக்கொண்டன. மொத்தம் 10,344 கண்ணாடிகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 500 ராத்தல் எடை. 1973-ஆம் ஆண்டு ஜனவரியில் வீசிய புயலில் அவை பெயர்ந்து தெருவில் வீழத் தொடங்கின. இரட்டைக் கண்ணாடிகளை இணைத்த காரீயப் பற்று, உலோகப் பூச்சோடு அளவிற்கு மிஞ்சி இறுகப் பிடித்துக்கொண்டது. காற்றும் வெப்பமும் அசைக்க அசைக்கத் தான் நெகிழாமல், கண்ணாடியையே பிளந்தது. இறுதியில் எல்லாக் கண்ணாடிகளையும் கழற்றி, ஒற்றைக் கடினக் கண்ணாடிகளை மாட்டினர். மாடம் 1976-இலேயே நிறைவெய்திற்று. இதற்கு முன்னரே, மாடத்திற்கு அடித்தளம் தோண்டியபோது, சதுப்பு நிலத்தில் ஏறத்தாழ 4,500 மரத்தூண்களின்மேல் நின்ற திரித்துவ ஆலயம் அசைந்து விரிசலுற்றது. ஆலயத்தார் வழக்குத் தொடுத்து இழப்பீடு பெற்றனர். மாசசூசட்ஸ் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 1987-இல் அதனை உறுதிசெய்தது. தன்னை இத்துணை அழகாகக் காட்டும் அயலாரோடு ஓர் ஆலயம் வழக்காட நேர்ந்த செய்தி, சட்டம் வெட்டிய படங்களில் எங்கே உளது?

கண்ணாடி வீழ்ந்த இடங்களையெல்லாம் அந்நாளில் ஒட்டுப்பலகையால் அடைத்தனர். நகரத்தார் அதற்கு 'ஒட்டுப்பலகை மாளிகை' என்று பெயரிட்டு நகைத்தனர். அக்காலத்துப் படங்களில் மாடத்தின் முகம் கட்டம் கட்டமாகக் கிடக்கின்றது: ஒரு கட்டத்தில் முகில், அடுத்ததில் மரப்பலகை, அதற்கடுத்ததில் மீண்டும் வானம். படம் எடுத்தவர் அழகிற்காக எடுத்திருக்கமாட்டார், செய்தித்தாளுக்காக எடுத்திருக்கலாம். என் அறைச் சுவரில் பாஸ்டன் படம் ஒன்றை மாட்டுவதாயின் அவற்றுள் ஒன்றையே மாட்டுவேன்.